கொல்லாமல் துரத்தினால் குற்றமில்லையா?
முயல் துரத்தல் பந்தயமும் அதன் சட்டநிலையும்: ஓர் ஆய்வு

ஹிம்சையை நம் ஆசாரியர்கள் விளைவை மட்டும் வைத்து அளக்கவில்லை. மனத்தில் எழும் எண்ணம், அதற்காகத் திரட்டும் கருவி, செயலின் தொடக்கம், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் என்று ஒவ்வொரு படியாகப் பிரித்து அளந்தார்கள். இப்பகுப்பைப் பாடமாகப் படிக்கும்போது, இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்ற ஐயம் இளைஞர்களுக்கு எழுவது இயல்பே. கொன்றால் பாவம், கொல்லாவிட்டால் பாவமில்லை, இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கக்கூடும். அந்த ஐயத்தை முன்வைத்து, இங்கிலாந்திலும் ஐர்லாந்திலும் பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த ஒரு விளையாட்டை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்வோம். அதனை ஆதரிப்போர் சொல்லும் முதல் வாதமே, "எங்கள் நோக்கம் கொல்வதன்று" என்பதாகும். அவ்வாதம் எவ்வளவு தூரம் நிற்கும், அந்நாட்டுச் சட்டங்கள் அதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பனவற்றைக் காண்போம்.

விளையாட்டின் முறை

இதற்கு ஆங்கிலத்தில் 'கோர்சிங்' என்று பெயர். நாம் முயல் என்று ஒரே சொல்லால் குறிப்பதை ஆங்கிலேயர் இரண்டாகப் பிரிப்பர். வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது ஒரு வகை. வளையின்றி, வயல்வெளியில் சிறு பள்ளத்தில் தனியே படுத்திருந்து, ஆபத்து வந்தால் ஓடியே பிழைப்பது மற்றொரு வகை. பந்தயத்திற்கு உரியது இந்த இரண்டாவது வகையான காட்டு முயலாகும். இதன் குட்டிகள் பிறக்கும்போதே உரோமமும் திறந்த கண்களும் உடையவை. வளர்ந்த முயல் மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் பின்னால் வருவதையும் அது காணும். ஒளிந்துகொள்ள வளை இல்லாமையால், ஓட்டமும் திடீரெனத் திரும்பும் திறமுமே அதற்கு அரண்.

துரத்தும் நாய் கிரேஹவுண்ட் என்னும் இனம். மோப்பம் பிடித்துச் செல்லாமல், கண்ணால் கண்டு துரத்துவது இதன் இயல்பு. இரண்டு நாய்களை ஓர் இரட்டைக் கழுத்துப்பட்டையில் பிணைத்து, அதற்கென்று அமர்த்தப்பட்ட ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு நாய்க்குச் சிவப்புப் பட்டை, மற்றதற்கு வெள்ளைப் பட்டை. ஆட்கள் வரிசையாக நடந்து வயலில் கிடக்கும் முயலைக் கிளப்புவார்கள். முயல் ஓரளவு தூரம், ஏறக்குறைய எண்பது தொண்ணூறு கஜம், முந்தி ஓடிய பிறகே நாய்கள் இரண்டும் ஒரே நொடியில் அவிழ்த்துவிடப்படும். முயலுக்கு முதலில் விட்டுக்கொடுக்கும் இந்தத் தூரத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'சட்டம்' என்பதாகும்! நமக்கு இது விந்தையாகத் தோன்றினாலும், அவர்களுடைய எண்ணப்போக்கை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சொல் வேறில்லை. முயலுக்கு ஒரு நியாயம் செய்துவிட்டோம் என்ற மனநிறைவு அச்சொல்லில் இருக்கிறது.

குதிரைமேல் அமர்ந்த நடுவர் பின்தொடர்ந்து சென்று மதிப்பெண் இடுவார். முதலில் முயலை எட்டிய நாய்க்கு இத்தனை, முயலை நேர்வழியிலிருந்து முழுவதும் திருப்பிய நாய்க்கு ஒன்று, சிறிதளவே விலகச் செய்ததற்கு அரை என்று கணக்கு உண்டு. கொன்ற நாயே வெல்லும் என்பது விதியன்று. திறமையின்றித் தற்செயலாகக் கிடைத்த கொலைக்கு மதிப்பெண்ணே கிடையாது. ஆகவே முயல் தப்பி ஓடினாலும் பந்தயம் முறையாக முடிந்ததாகவே கொள்ளப்படும். ஆதரவாளர்களின் வாதத்திற்கு அடிப்படை இதுவே.

இவ்வாதம் பழமையானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அர்ரியன் என்னும் கிரேக்க நூலாசிரியர், வேட்டை நாய்களைப் பற்றி எழுதிய நூலில், உண்மையான வேட்டையாளன் முயலின் உயிரைக் கருதி நாயை விடுவதில்லை, ஓட்டத்தைக் காணவே விடுகிறான், முயல் தப்பினால் மகிழ்கிறான் என்னும் கருத்தைக் கூறியிருக்கிறார். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில் இதற்கு விதிமுறைகள் எழுதப்பட்டன என்பர். 1776இல் நார்போக் மாவட்டத்து ஸ்வாபம் என்னுமிடத்தில் இதற்கென முதல் சங்கம் தோன்றியது. 1836 முதல் லங்காஷயரின் கிரேட் ஆல்ட்கார் வயல்வெளியில் 'வாட்டர்லூ கோப்பை' என்னும் பெரும்போட்டி நடைபெறலாயிற்று. 64 நாய்கள் மூன்று நாள் போட்டியிடும் அந்நிகழ்ச்சிக்குப் பல்லாயிரவர் கூடினர். மூன்று முறை வென்ற 'மாஸ்டர் மெக்ராத்' என்ற நாயை விக்டோரியா அரசியே வரவழைத்துப் பார்த்தார் என்றால், அதற்கிருந்த மதிப்பை உணரலாம். கூடியவர்களில் பெரும்பாலோர் பணயம் வைத்தவர்கள். ஏழு வியசனங்களில் சூதையும் வேட்டையையும் நம் நூல்கள் தனித்தனியே எண்ணியிருக்க, இங்கே இரண்டும் ஒரே வயலில் கைகோத்து நின்றன.

பத்துப் பிராணன்களும் முயலின் அச்சமும்

இனி வாதத்தை எடுத்துக்கொள்வோம். கொலை நோக்கமில்லை என்பது உண்மையானால், பிடிபட்ட முயலை நாயின் வாயிலிருந்து வாங்கிக் கழுத்தை முறிப்பதற்கென்றே பந்தய வெளியில் ஆட்களை நிறுத்தியது எதற்காக? நடக்கும் என்று முன்பே அறிந்து, அதற்கு ஏற்பாடும் செய்துகொண்டு, நோக்கமில்லை என்பது பொருந்துமா? 1999ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசு பர்ன்ஸ் பிரபுவின் தலைமையில் அமைத்த விசாரணைக்குழுவிடம் பந்தய அமைப்பினரே கூறிய கணக்கின்படி, துரத்தப்பட்ட ஏழு அல்லது எட்டு முயல்களில் ஒன்று கொல்லப்பட்டது. சங்க விதிகளின்படி நடந்த போட்டிகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 250 முயல்கள் மாண்டன. நாய் பிடித்தவுடன் முயல் எப்போதும் உடனே இறந்துவிடுவதில்லை என்பதையும், துரத்தப்பட்டுப் பிடிபட்டுச் சாவது முயலின் நலத்தைக் கடுமையாகக் குலைக்கிறது என்பதையும் அக்குழு எழுதிவைத்தது.

எட்டில் ஏழு தப்பிவிடுகின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். இங்குதான் நம் பாடம் தொடங்குகிறது. முயல் ஐம்பொறிகளும் மனமும் உடைய ஸஞ்ஞி பஞ்சேந்திரிய ஜீவன். ஐந்து இந்திரியப் பிராணன்கள், மனபலம், வசனபலம், காயபலம் என்னும் மூன்று, உயிர்ப்பு, ஆயுள் ஆகப் பத்துப் பிராணன்களும் அதற்கு உண்டு. ஹிம்சை என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, ஆயுளைப் போக்குதல் என்று மட்டும் நூலோர் கூறவில்லை. கஷாயத்தால் கலங்கிய மன மொழி மெய்களால் பிராணன்களுக்கு ஊறு செய்தல் என்றே கூறினர். உயிருக்கு அஞ்சி ஓடும் முயலுக்கு மனபலம் சிதைகிறது, காயபலம் வற்றுகிறது, மூச்சு முட்டுகிறது. ஆயுள் ஒன்று எஞ்சினால் மற்றவற்றிற்கு நேர்ந்த ஊறு கணக்கில் வராதா?

இது சமய நூலார் கருத்து மட்டுமன்று. பிடிபட்டு அடைபட்ட அல்லது அளவுமீறித் துரத்தப்பட்ட காட்டு விலங்குகள், வெளிக்காயம் ஏதுமின்றியே, அச்சத்தாலும் மிகை உழைப்பாலும் தசைநார்கள் சிதைந்து, சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ இறப்பதைக் கால்நடை மருத்துவம் நன்கறியும். முயலினம் இதற்கு எளிதில் இரையாவது. வயலின் எல்லையைக் கடந்து 'தப்பிய' முயலுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்று நடுவரின் ஏட்டில் குறிப்பு இல்லை.

மேலும் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். பந்தயத்தில் மதிப்பெண் எதற்கு? முயல் திரும்புவதற்கு. முயல் ஏன் திரும்புகிறது? உயிரச்சத்தால். எனவே இவ்விளையாட்டில் அச்சம் என்பது தற்செயலாக வந்து சேர்வதன்று. அதுவே விரும்பிப் பெறும் பொருள். அச்சமில்லாத முயல் ஓடாது. ஓடாத முயலைக்கொண்டு பந்தயம் நடத்தவியலாது. உழவன் ஏர் நடத்துகையில் புழு மடிவது ஆரம்ப ஹிம்சை எனப்படும், வேண்டி நிகழ்ந்ததன்று. இதுவோ வேண்டியே நிகழ்த்துவது. ஆகவே கொலை நிகழ்ந்தாலும் நிகழாவிட்டாலும் இது சங்கல்ப ஹிம்சையின்பாற்படும் என்பதே நமது துணிபு.

ஐர்லாந்தின் வாய்க்கூடு

ஐர்லாந்துக் குடியரசில் இப்பந்தயம் இன்றும் சட்டப்படி நடைபெறுகிறது. அங்குள்ள முறை சற்று வேறு. சங்கத்தார் அரசின் உரிமம் பெற்று, வெளியில் வாழும் முயல்களை வலையிட்டுப் பிடித்து, சில வாரங்கள் அடைத்துவைத்து, ஓடும் வழியைப் பழக்குவர். பின்னர் வேலியிட்ட திடலின் ஒரு முனையில் விடுவர். மறுமுனையில் முயல் மட்டும் நுழையத்தக்க தடுப்பு இருக்கும். எந்த நாய் முதலில் முயலைத் திருப்புகிறதோ அதுவே வெற்றி பெற்றது. 1916இல் தோன்றிய ஐரிஷ் கோர்சிங் கிளப் இதனை நடத்துகிறது. 1958ஆம் ஆண்டின் கிரேஹவுண்ட் தொழிற்சட்டம் அதற்கு அங்கீகாரம் அளித்தது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் க்ளோன்மெல் நகரில் தேசியப் போட்டி நடக்கும்.

1993இல் இதனைத் தடைசெய்யும் மசோதா ஒன்று டப்ளின் நாடாளுமன்றத்தில் தோல்வியுற்றது. ஆயினும் எழுந்த எதிர்ப்பின் பயனாக, அவ்வாண்டு முதல் நாய்களுக்கு வாய்க்கூடு அணிவிப்பது கட்டாயமாயிற்று. அதன்பின் முயல்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. இதனை நாம் மறைக்காமல் ஒப்புக்கொள்ளவேண்டும். ஓர் உயிர் பிழைத்தாலும் அது நன்மையே. ஆனால் வாய்க்கூடு பல்லைத்தான் தடுக்கும். கூடணிந்த நாய் முயலைத் தரையில் வைத்து அழுத்தும், மோதும், எலும்பு முறியும். துரத்தப்படும் முயல், பின்னால் வரும் நாய்க்கு வாய்க்கூடு உண்டு என்பதை அறியாது. அதன் அச்சம் 1993க்கு முன்பு இருந்ததே. வலையில் அகப்பட்ட கணத்திலிருந்து தொடங்கும் துன்பம் வேறு. முயல்களைப் பரவலாகத் தாக்கும் கொடிய வைரஸ் நோய் 2019இல் ஐர்லாந்தில் தோன்றியபோது, பிடித்து ஒன்றாக அடைப்பதால் நோய் பரவும் என்று அஞ்சி அரசு உரிமங்களைச் சில காலம் நிறுத்திவைத்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆதரவாளர் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு; அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பந்தயச் சங்கங்கள் தம் பொறுப்பில் காத்துவரும் நிலங்களில் முயல்கள் மிகுதியாக வாழ்கின்றன என்று பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கள்ள வேட்டையைத் தடுப்பதும், புல்வெளிகளைப் பேணுவதும் இதற்குக் காரணம். தடை செய்தால் அக்காவலும் போய்விடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. இதனைப் பொய்யென்று நாம் கூறோம். ஆயினும் முயலைக் காத்தது வேலியும் காவலும் புல்வெளியுமே அன்றி, துரத்தல் அன்று. துரத்தலுக்காகவே காத்தார்கள் என்றால், அது கொட்டிலில் ஆட்டுக்கு இடும் தழையைப் போன்றது.

சட்டம் யாரைக் காத்தது?

இங்கிலாந்தின் பழைய வேட்டைச் சட்டங்களைப் பார்த்தால், அவை முயலை ஒரு ஜீவனாகக் கருதியே இயற்றப்பட்டவை அல்ல என்பது தெரியும். 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 100 பவுன் வருவாய் தரும் சொந்த நிலமில்லாதவன் கிரேஹவுண்ட் நாய் வளர்ப்பதே குற்றம். ஏழை துரத்தினால் திருட்டு. செல்வன் துரத்தினால் விளையாட்டு. 1831இல்தான் அந்தத் தகுதி நீக்கப்பட்டது. 1911இல் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் இப்பந்தயத்திற்கு விலக்களித்தது. முயலைக் காயமுற்ற நிலையிலோ களைத்த நிலையிலோ அவிழ்த்துவிடக்கூடாது என்றும், 1921இல் வந்த திருத்தத்தின்படி, தப்ப வழியில்லாத அடைப்பிடத்தில் துரத்தக்கூடாது என்றும் மட்டுமே விதித்தது. அதாவது, ஆட்டம் நியாயமாக நடக்கவேண்டும் என்பதே சட்டத்தின் கவலை. ஆடுபவன் ஒருவன், ஆடப்படுவது ஓர் உயிர் என்பதைப் பற்றி அது வினவவில்லை.

1975இல் தடை மசோதா ஒன்று மக்கள் சபையில் நிறைவேறி, பிரபுக்கள் சபையில் நின்றுபோயிற்று. ஸ்காட்லாந்து 2002இல் தனிச்சட்டத்தால் தடைசெய்தது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்குமான வேட்டைச் சட்டம், பிரபுக்கள் சபை மறுத்தபோதிலும், நாடாளுமன்றச் சட்டங்களின் சிறப்பு அதிகாரத்தைக்கொண்டு 2004 நவம்பரில் நிறைவேறியது. அது செல்லாது என்று தொடுத்த வழக்கும் 2005இல் தள்ளுபடியாயிற்று. சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 2005 பிப்ரவரி 18. அதே வாரத்தில்தான் கடைசி வாட்டர்லூ கோப்பை நடந்து முடிந்தது. வட ஐர்லாந்தில் 2011இல் சட்டத்தின் மூலம் தடை வந்தது.

இந்த 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவைத்தான் நம் வாசகர்கள் கருத்தூன்றிக் காணவேண்டும். உயிருள்ள முயலைக்கொண்டு நாய்களின் வேட்டைத் திறனை மதிப்பிடும் போட்டியே 'முயல் துரத்தல் நிகழ்ச்சி' என்று அது இலக்கணம் கூறுகிறது. முயல் சாகவேண்டும் என்ற சொல் அந்த இலக்கணத்தில் இல்லை! பிறகு குற்றவாளிகள் யார் என்று கூறுகிறது: பங்குகொள்பவன், நிகழ்ச்சிக்கு வருகை தருபவன், அறிந்தே அதற்கு உதவுபவன், தன் நிலத்தை அதற்கு விட்டுக்கொடுப்பவன். நாயைப் போட்டியில் சேர்ப்பவனும், சேர்க்க இசைபவனும், கையாள்பவனும் அவ்வாறே.

கிருதம், காரிதம், அனுமோதனம் என்று நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் மூன்றும் இங்கே வரிசையாக நிற்கின்றன அல்லவா? கையால் நாயை அவிழ்ப்பது செய்தல். நாயை அனுப்பிவைப்பதும் உதவுவதும் செய்வித்தல். வந்து நின்று பார்ப்பது உடன்படுதல். மனத்தின் உடன்பாட்டைச் சட்டம் காணவியலாது. ஆதலால் வந்து நின்றதையே அதன் அடையாளமாகக் கொண்டது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் தத்துவார்த்த சூத்திரத்தைப் பயின்றவர்கள் அல்லர். இவ்விளையாட்டை ஒழிக்க முனைந்து, யாரைப் பிடித்தால் அது நிற்கும் என்று ஆராய்ந்தபோது, அந்த மூன்றிடத்திற்கே அவர்கள் வந்து சேர்ந்தார்கள். பார்ப்பவனும் பணயம் வைப்பவனும் நிலம் தருபவனும் இல்லையேல், நாய் வைத்திருப்பவன் மட்டும் போட்டி நடத்தவியலாது.

ஒப்புமை இதனோடு நிற்கவில்லை. சட்டம் வந்தபின் வெளிப்படையான போட்டிகள் நின்றன. கள்ளத்தனமான துரத்தல் நிற்கவில்லை. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையானதும், லிங்கன்ஷயர், கேம்பிரிட்ஜ்ஷயர் முதலிய பகுதிகளில் கும்பல்கள் வண்டிகளில் வந்திறங்கி, பெருந்தொகை பணயம் வைத்து, கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பித் துரத்தல் நடத்துகின்றன. தடுக்க வந்த உழவர்களை மிரட்டுவதும் உண்டு. பலர் தம் வயலைச் சுற்றி அகழி வெட்டியும் பெரிய கற்களை இட்டும் வண்டிகளைத் தடுக்கின்றனர். துரத்தும்போதே கையும் களவுமாகப் பிடிப்பது காவலர்க்கு அரிதாயிற்று. ஆகவே 2022இல் இயற்றப்பட்ட காவல் மற்றும் குற்றவியல் சட்டம் இரண்டு புதிய குற்றங்களை வகுத்தது. முயலைத் துரத்தும் கருத்தோடு பிறர் நிலத்தில் நுழைவது ஒன்று. அதற்கான கருவிகளோடு காணப்படுவது மற்றொன்று. இரண்டிற்கும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நாய் வளர்க்கும் உரிமையையும் நீதிமன்றம் பறிக்கலாம்.

நம் நூல்கள் ஹிம்சையின் படிகளை ஸம்ரம்பம், ஸமாரம்பம், ஆரம்பம் என்று மூன்றாகக் கூறும். செய்யவேண்டும் என்று கருதுவது முதலாவது. கருவிகளைத் திரட்டுவது இரண்டாவது. செய்யத் தொடங்குவது மூன்றாவது. (இங்குக் கூறும் ஆரம்பம் வேறு, இல்லறத்தாரின் அன்றாட வேலையால் நேரும் ஆரம்ப ஹிம்சை வேறு, மாணவர்கள் இரண்டையும் மயங்கலாகாது.) இம்மூன்றையும் மன மொழி மெய் என்னும் மூன்றாலும், கிருத காரித அனுமோதனம் என்னும் மூன்றாலும், நான்கு கஷாயங்களாலும் பெருக்கினால் 108 வரும். 2004இல் ஆரம்பத்தை மட்டும் பிடித்த சட்டம், பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஸமாரம்பத்திற்கும் ஸம்ரம்பத்திற்கும் வந்து சேர்ந்தது. 108 என்பது ஜபமாலையின் மணிக்கணக்கு மட்டுமன்று என்று இனி நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஓர் எடுத்துக்காட்டுக் கிடைத்தது.

ஆயினும் சட்டமும் விரதமும் ஒன்றாகிவிட்டன என்று எண்ணவேண்டா. அதே 2004ஆம் ஆண்டுச் சட்டம் எலியையும் வளைமுயலையும் நாய்கொண்டு வேட்டையாட, நில உடைமையாளரின் இசைவோடு, விலக்களிக்கிறது. சுடப்பட்டு விழுந்த காட்டு முயலை நாய் எடுத்துவருவதும் குற்றமன்று. சட்டத்தின் அருள் ஓரெல்லை வரை வந்து நின்றுவிடும்.

நாயின் பொறுப்பு

நாயை இதில் பழிப்பதற்கில்லை. அதுவும் தன் கருமத்தால் அப்பிறவி எடுத்த ஜீவனே. யசோதர காவியத்தில், மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் அடுத்த பிறவியில் மயிலும் நாயுமாகப் பிறந்ததையும், அந்த நாயே மயிலைக் கொன்றதையும் நாம் படித்திருக்கிறோம். தாயின் வாயால் மகன் மாண்டான். அதே காவியத்தில், யசோமதி மன்னன் வேட்டைக்குச் செல்லும் வழியில் சுதத்த முனிவரைக் கண்டு சினந்து வேட்டை நாய்களை ஏவ, அவை அடங்கி நின்றன. ஏவியவனுக்கே பொறுப்பு என்பதைக் கதை காட்டுகிறது.

ஓடுவது கிரேஹவுண்டின் இயல்பு. அதற்கு உயிருள்ள முயல் வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவில் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்பவர் இயந்திர முயலைச் செய்து 1919இல் கலிபோர்னியாவில் ஓட்டப் பாதை அமைத்தார். 1926இல் மான்செஸ்டர் நகரின் பெல் வ்யூ திடலில் அம்முறை இங்கிலாந்திற்கு வந்தது. கயிற்றில் இழுபடும் துணித்துண்டையும் பிளாஸ்டிக் பையையும் துரத்தும் போட்டிகளும் பல நாடுகளில் நடக்கின்றன. ஆனால் சூது புகுந்த இடத்தில் இதுவும் தூயதாக நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் இயந்திர முயலைத் துரத்தவேண்டிய நாய்களுக்கு, வெறியூட்டுவதற்காக உயிருள்ள முயலையும் பன்றிக்குட்டியையும் கட்டிக் காட்டிப் பழக்கியதை 2015இல் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது.

நம் நிலமும் நம் சட்டமும்

இவையெல்லாம் கடல் கடந்த செய்தி என்று விட்டுவிட முடியாது. கண்ணால் கண்டு துரத்தும் நாயினங்கள் நம் தமிழகத்திலும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி ஆகிய இரண்டும் முயல் வேட்டைக்கெனவே பேர்பெற்றவை. இன்றும் சில ஊர்களில் பொங்கலையும் திருவிழாவையும் ஒட்டி நாய்களோடு முயல் வேட்டைக்குப் புறப்படும் வழக்கம் இருக்கிறது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், இன்றுள்ள வடிவில், வேட்டை என்பதற்குக் கூறும் இலக்கணம் விரிவானது. கொல்வதும் நஞ்சிடுவதும் மட்டுமன்றி, பிடித்தல், துரத்தல், கண்ணியிடுதல், பொறிவைத்தல், விரட்டுதல், இரைகாட்டுதல் ஆகியனவும், இவற்றிற்கான ஒவ்வொரு முயற்சியும் வேட்டையே. துரத்தல் என்பதற்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் 'கோர்சிங்' என்பதே. ஆகவே நம் நாட்டில், முயல் தப்பி ஓடிவிட்டது என்று கூறிக் குற்றத்திலிருந்து தப்பவியலாது. காட்டு முயல் இச்சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அன்றியும் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம், வேடிக்கைக்காக ஒரு விலங்கை அடைத்து மற்றொரு விலங்குக்கு இரையாக்குவதைத் தனிக்குற்றமாக வைத்திருக்கிறது. ஐர்லாந்து முறைத் திடல் பந்தயத்தை இங்கு யாரேனும் நடத்த எண்ணினால் இரண்டு சட்டங்களும் குறுக்கே நிற்கும்.

நம் சமூகத்தார் பலர் இன்றும் நிலமுடைய குடும்பத்தினர். வந்தவாசி, ஆரணிப் பக்கங்களில் வேர்க்கடலையும் பயறும் பயிரிடுவோர்க்கு முயலால் இழப்பு நேர்வதுண்டு. நாய் வைத்திருப்போர் வந்து, "உங்கள் கொல்லையில் முயல் மிகுந்துவிட்டது, இரவில் நாய் விட்டுக்கொள்கிறோம்" என்று கேட்டால், கேட்டவர் தெரிந்தவராயின், முகத்தை முறித்துக்கொள்ள மனம் வராது. பயிரைக் காப்பது விரோத ஹிம்சையில் அடங்கும், அது இல்லறத்தார்க்கு முற்றிலும் விலக்கப்பட்டதன்று என்று சமாதானமும் தோன்றும். வரப்போரம் வலைவேலி கட்டுவதும், சத்தமிட்டு விரட்டுவதும் பயிர்க்காவல். நாய்க்கு ஓட்டம் காட்டப் பத்துப்பேர் கூடுவது பயிர்க்காவல் அன்று, அனர்த்த தண்டம். அவ்விரதத்தின் ஐந்து வகைகளுள் ஒன்றான ஹிம்ஸாதானம் என்பது, வாள், தீ, நஞ்சு முதலிய ஹிம்சைக் கருவிகளைப் பிறருக்குக் கொடுத்தல். இங்கே நாம் கொடுப்பது நிலம். 5ஆம் பிரிவில் நாலாவதாக நிற்பவன் நினைவுக்கு வரட்டும்.

வேண்டாம் என்று பகலிலேயே சொல்லிவிடுவது எளிது. சொல்லியும் இரவில் விளக்கும் நாயுமாக ஆட்கள் நுழைந்தால், தனியே சென்று வாதிடாமல், அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்திற்கோ காவல் நிலையத்திற்கோ உடனே தெரிவிக்கலாம். இடத்தையும் நேரத்தையும் வண்டி எண்ணையும் குறித்துவைப்பது பயன்படும்.